கவலையோடு வாழ்த்துகிறோம்

1976 நவம்பர் இரண்டாம் தேதி அமெரிக்க மக்கள் தங்களுக்கு ஒரு புது ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்கும் முன் மெல்பேர்ன் தமிழர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை அகில ஆஸ்திரேலியத் தமிழ்ப் பேரவை மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை என்று அதன் தலைவர் நரசிம்மன் பிற்பாடு மூன்று கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பேரவைக்கு மொத்தம் முப்பத்தொரு உறுப்பினர்கள். முப்பது பேர் மெல்பேர்னில் இருந்தார்கள். மிச்சமிருந்த ஒருவர் சிட்னியில், கிரவீனில் இருந்தார். அவர்தான் சிட்னிக் கிளை. பேரவையின் யாப்பு, அதாவது அதன் சட்டதிட்டம், அறுபத்திரண்டு பக்கம். ஆஸ்திரேலிய நாட்டின் யாப்பைவிட இது நீளம் என்று செயலாளர் தேவராஜா சொல்லுவார். ஒருவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பிடுவதற்கு ஒன்றையாவது வாசிக்க வேண்டியிருந்தது.

நரசிம்மன் சென்னைக்காரர். வாரநாட்களில் ஒரு கந்தோரில் கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். தேவராஜா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச செயலகத்தில், பிரதம லிகிதராக இருந்து வந்தவர். இங்கே மோட்டார் உதிரிப்பாகக் களஞ்சியமொன்றில் பெட்டிகளுக்கு இலக்கம் ஒட்டினார். பெட்டிகள் அவர் சொல்வதைக் கேட்டனவே தவிர, எழுந்து நின்று கேட்கவில்லை. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பேரவை தேவைப்பட்டது.

விக்னராஜாவுக்குப் பேரவையே தேவைப்படவில்லை. அதன் முத்திரை மட்டும் தேவைப்பட்டது.

அவருக்கு வயது முப்பத்தொன்று. காப்புறுதிக் கந்தோரில் தட்டச்சு வேலை. கிளேட்டனில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கமலினியைக் கலியாணம் செய்து, சரியாக இருபத்துமூன்று நாள் அவளோடு குடும்பம் நடத்திவிட்டு விமானம் ஏறியவர். அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக நீலநிற ஆகாயத் தபாலில் குடும்பம் நடந்தது. அவளைக் கூப்பிட்டுக்கொள்ள எல்லாக் கடதாசியும் சரி. ஒன்று மட்டும் குறை. கலியாணப் பதிவுச் சான்றிதழ் தமிழில் இருந்தது. குடிவரவு அலுவலகத்து அம்மையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடைசியில் தலைகீழாகவும் பார்த்தார். தமிழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் எவரும் அவர் பட்டியலில் இல்லை. "உங்கள் சமூக அமைப்பு ஏதாவது மொழிபெயர்ப்பை உறுதிப்படுத்தி முத்திரை போட்டுத் தந்தால் போதும். ஜனவரி பதினாலு கடைசி நாள். அதற்குப் பிறகு கோப்பை மூடிவிடுவோம், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்" என்றார். புதிய விண்ணப்பம் என்றால் இன்னும் ஒன்றரை வருஷம்.

ஒரு பக்க மொழிபெயர்ப்பு. ஒரு முத்திரை. ஒரு வினாடி வேலை. அப்படித்தான் விக்னராஜா நினைத்துக்கொண்டு, நவம்பர் பதினாலாம் தேதி ஞாயிறு மதியம் தேவராஜா வீட்டில் நடந்த பேரவைக் கூட்டத்துக்குப் போனார்.

முத்திரை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் இருந்தது. தகரம் தலைவரிடம், அதன் பூட்டுச் சாவி செயலாளரிடம். இருவரில் ஒருவர் தனியாக இனத்தை விற்றுவிடாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு. அன்றைக்குத் தகரமும் சாவியும் ஒரே மேசையில் இருந்ததை விக்னராஜா கண்ணால் கண்டார்.

"அண்ணை, எனக்கு ஒரு நிமிசம் போதும்" என்றார்.

"ஒரு நிமிசமோ, ஒரு வருசமோ, ஒழுங்குமுறை எண்டு ஒண்டு இருக்குத் தம்பி" என்றார் தேவராஜா. "நிகழ்ச்சி நிரலைப் பாரும். முதலாம் விடயம், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்: பேரவையின் நிலைப்பாடு. உம்மடை விசயம் ஏழாவது. உலக விவகாரம் ஒண்டு முடிவாகாமல் உள்வீட்டு விவகாரத்துக்கு இறங்கேலாது. யாப்பு, பதினாலு, உட்பிரிவு உ."

"அப்பிடி ஒரு விதியோ?"

"நான்தான் எழுதினனான்."

நரசிம்மன் எழுந்து நின்றார். அந்த வரவேற்பறையில் பதினாறு பேர் இருந்தார்கள். ஆனால் அவர் ஒரு மைதானத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நண்பர்களே! போன வருஷம் இதே நவம்பர்ல இந்த நாட்டுப் பிரதமரையே பதவியிலேருந்து தூக்கினாங்க. அன்னைக்குப் பேரவை என்ன பண்ணிட்டிருந்தது? தீபாவளிக்கு வடை ஏன் பத்தலைன்னு ஆறு மணி நேரம் விசாரணை பண்ணிட்டிருந்தது! நாட்டுக்கு நம்ம கருத்து தேவைப்பட்ட நேரத்துல நம்ம கருத்து கிடைக்கலை. விளைவு என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்."

விளைவு என்ன ஆயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அந்தத் தப்பு மறுபடி நடக்கக்கூடாது. ஜனவரி இருபதாம் தேதி அமெரிக்காவுல அவர் பதவியேற்கப் போறார். அதுக்குள்ள நம்ம கருத்து அவர் கைக்குப் போயாகணும். அப்புறம் அவர் எப்படி ஆட்சி நடத்தினாலும் அது அவர் பொறுப்பு, நம்ம பொறுப்பு இல்லே."

பொள்ளாச்சிக்காரரான பழனிசாமி கை தூக்கினார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருப்பவர். "ஏனுங்க, அவரு கடலை வெவசாயிங்களாமா. பேப்பர்ல படம் போட்டிருந்தான். எங்க தோட்டத்துலயும் கடலைதானுங்க. கடலை போடறவன் கெட்டவனா இருக்கமாட்டானுங்க. மழையை நம்பிப் பொழைக்கிறவன். வாழ்த்திப் போடலாம்."

"அதோட" என்று நரசிம்மன் குரலைத் தாழ்த்தினார், "அவர் அம்மா நம்ம பம்பாய்ப் பக்கத்துல வந்து ரெண்டு வருஷம் நர்ஸா சேவை செஞ்சிருக்காங்க. ஆக, ஒரு விதத்துல அவர் நம்ம வீட்டுப் பிள்ளை."

தேவராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் இலங்கைத் தமிழர்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"பம்பாய் உங்கடை வீடெண்டால் நல்ல சந்தோசம். எங்கடை பக்கம் அந்த அம்மா எட்டியும் பார்க்கேல்லையே. பிறகென்னத்துக்கு நாங்கள் வாழ்த்த வேணும்? நான் வாழ்த்தக்கூடாதெண்டு சொல்லேல்லை. கச்சேரியில நான் இருந்த காலத்தில ஒரு கோப்பில ஒரு சொல் எழுதினால் மூண்டு நாள் யோசிச்சுத்தான் எழுதுவன். அந்த மூண்டு நாளும் சனம் வெளியில வரிசையில நிக்கும். நிக்கட்டும். அவசரப்பட்டு எழுதின சொல்லை அழிக்கேலாது."

இந்தப் பேச்சை விக்னராஜா வரிசையில் நிற்கிறவனின் காதால் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் வரவேற்பறை இரண்டாகியிருந்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வாழ்த்தவேண்டும் என்றார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் கூடாது என்றார்கள். அரைமணிக்கு முன்வரை இவர்களில் பாதிப் பேருக்கு ஜனாதிபதியின் பெயரே பிடிபடவில்லை. இப்போது அவருக்காக ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் தேநீர் குடித்தார்கள்.

கடைசியில் நரசிம்மன் வழி சொன்னார். "நாம சொல்றது நம்ம கருத்தா இருக்கக்கூடாது. மக்கள் கருத்தா இருக்கணும். எல்லா வீட்டுக்கும் போய்க் கருத்துக் கணிப்பு எடுப்போம். யார் போறது?"

மற்ற எல்லோரும் தரைவிரிப்பைப் பார்த்தார்கள். விக்னராஜா மட்டும் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்திருந்தவர் அவர் ஒருவரே என்பதால் அவரே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

"எனக்கு முத்திரைதான் அண்ணை வேணும்" என்றார்.

"கணிப்பு முடிஞ்சால் முதலாம் விடயம் முடியும். முதலாம் விடயம் முடிஞ்சால் ஏழாம் விடயம் வரும்" என்றார் தேவராஜா. "உம்மடை கையிலதான் எல்லாம் இருக்கு."

விக்னராஜாவுக்கு 'மக்கள் கருத்து ஆணையாளர்' என்று ஒரு பட்டமும், இருபத்துநான்கு கேள்விகள் உள்ள படிவமும் தரப்பட்டன. கேள்விகளைத் தேவராஜா எழுதியிருந்தார். முதல் பதினேழும் பதில் சொல்பவரைப் பற்றியவை. பதினெட்டாவதில்தான் அமெரிக்கா வந்தது. இருபத்துமூன்றாவது: 'மேற்கண்ட கருத்து உம்முடையதா? இல்லையெனில் யாருடையது?' இதைவிட முக்கியமான நிபந்தனை ஒன்றும் இருந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது. இரகசியம்.

முழுக் கணிப்பும் அந்த நிபந்தனையில்தான் முட்டிக்கொண்டது.

விக்னராஜா முதலில் ரோவில் என்ற புறநகருக்குப் போனார். அங்கே அப்போது வீடுகளைவிட மாடுகள் அதிகம். மாடுகளைத் தாண்டி வரதராஜன் வீட்டைக் கண்டுபிடித்து, பதினேழு கேள்விகளையும் கடந்து, பதினெட்டாவதைக் கேட்டார்.

"நல்ல கேள்வி" என்றார் வரதராஜன். "நரசிம்மன் என்ன சொன்னார்?"

"அது சொல்லக்கூடாது அண்ணை. இரகசியம்."

"எங்கிட்ட சொன்னா என்ன? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? சரி, அதை விடுங்க. தேவராஜா என்ன சொன்னார்னு மட்டும் சொல்லுங்க, அதுக்கு எதிரா எழுதிக்கறேன்."

"அவர் இன்னும் சொல்லேல்லை."

"அவரே சொல்லலையா? அப்ப நான் ஏன் முந்திக்கணும்? கேட்டுட்டுச் சொல்றேன்னு போட்டுக்குங்க."

அவர் மனைவி வேதவல்லி உள்ளேயிருந்து வந்தாள். "யாரு, அந்தச் சிரிக்கிற மனுஷனா? எனக்குப் பிடிச்சிருக்கு. எலக்சன்ல ஜெயிச்ச பிறகும் சிரிக்கிறான் பாருங்க. நம்மூர்ல ஜெயிச்ச மறுநாளே சிரிப்பை நிறுத்திடுவாங்க."

"உனக்கு அரசியல் என்ன தெரியும், நீ சும்மா இரு" என்றார் வரதராஜன். பிறகு விக்னராஜாவிடம் சாய்ந்து, "அந்தச் சிரிப்பு விஷயத்தை என் பேர்ல எழுதிக்குங்க" என்றார்.

இப்படியே போயிற்று. பெண்கள் கேட்டவுடன் பதில் சொன்னார்கள். படிவம் குடும்பத் தலைவர் பெயரில் இருந்ததால் அதை எழுத இடமில்லை. ஆண்கள் மற்றவர் என்ன சொன்னார் என்று கேட்டார்கள். பழனிசாமிகூட, "கூட்டத்துல ஒரு வேகத்துல பேசிப்போட்டனுங்க. எழுத்துல குடுக்கறதுன்னா நாலு பேரைக் கேக்கோணும்" என்றார். நாலு பேர் யார் என்று கேட்டபோது, மற்ற நாலு பேரும் யாரைக் கேட்பார்கள் என்று தெரிந்தால் சொல்லலாம் என்றார். விக்னராஜா ஒரு தாளில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அம்புக்குறி போட்டுப் பார்த்தார். எல்லா அம்புகளும் சுற்றிச் சுற்றி இரண்டு பேரிடம் போய்ச் சேர்ந்தன. நரசிம்மன், தேவராஜா சொல்லட்டும் என்றிருந்தார். தேவராஜா, நரசிம்மன் சொல்லட்டும் என்றிருந்தார். ஒருவர் சொன்னால்தானே இன்னொருவர் எதிர்க்க முடியும்.

இருபத்தோராவது கேள்வி உள்ளூர் மக்களின் கருத்தைக் கேட்டது. விக்னராஜா பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரைக் கேட்டார். அவர் புல்லுக்குத் தண்ணீர் அடிப்பதை நிறுத்தாமல், "யார், அந்தக் கடலைக்காரனா? பரவாயில்லை மேட். கிரிக்கெட் தெரியாத நாடு, இதைவிட நல்ல ஆள் கிடைக்காது" என்றார். முழுக் கணிப்பிலும் எவரையும் கேட்காமல் ஒரு ஆண் சொன்ன கருத்து இது ஒன்றுதான். அவர் தமிழரல்லர் என்பதால் அது தள்ளுபடியாயிற்று.

டிசம்பர் நடுவில் சிட்னிக் கிளையிலிருந்து தபால் வந்தது. ஒரே உறையில் இரண்டு கடிதங்கள். கிளைத் தலைவர் ஈஸ்வரமூர்த்தி புது ஜனாதிபதியை வரவேற்றிருந்தார். கிளைச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி அதை வன்மையாகக் கண்டித்திருந்தார். தலைவர் தன்னைக் கலந்தாலோசிக்காமல் முடிவெடுத்ததால் கிளை பிளவுபடும் அபாயத்தில் இருப்பதாகவும், தங்களுக்கு இரண்டு வாக்கு வேண்டும் என்றும் எழுதியிருந்தார். பேரவை இதை மிகவும் பாரதூரமாக எடுத்துக்கொண்டு, இருவரையும் சமாதானமாகப் போகும்படி கேட்டுத் தந்தி அடித்தது.

அதே தபாலில் கமலினியின் கடிதமும் வந்தது. 'எல்லாம் சரிவருமோ? அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா. எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை' என்று எழுதியிருந்தாள். மூன்று வரி. வழக்கமாக ஆறு பக்கம் எழுதுகிறவள். விக்னராஜா அந்த மூன்று வரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, படிவங்களோடு மிச்ச வீடுகளுக்குப் புறப்பட்டார்.

ஜனவரி ஒன்பதாம் தேதி, ஞாயிறு. மறுபடியும் தேவராஜா வீடு. வெளியே நூறு பாகை வெயில். விக்னராஜா அறிக்கையை வாசித்தார்: ஆதரவு நாலு, எதிர்ப்பு நாலு, 'கேட்டுச் சொல்கிறேன்' இருபத்திரண்டு. சிட்னிக் கிளை ஆதரவு ஒன்று, எதிர்ப்பு ஒன்று.

"மக்கள் தெளிவாச் சொல்லிட்டாங்க" என்றார் நரசிம்மன்.

"என்ன சொல்லியிருக்கினம்?" என்று கேட்டார் தேவராஜா.

"நம்மளை நம்பி விட்டிருக்காங்க."

பிறகு வாசகம் பற்றிய விவாதம் தொடங்கியது. 'வாழ்த்துகிறோம்' என்று போடவேண்டும் என்றார் நரசிம்மன். 'கவனித்துக்கொண்டிருக்கிறோம்' என்று போட்டால் போதும் என்றார் தேவராஜா. முதலாவது மணி போயிற்று. இரண்டாவது மணியில் 'கவனத்தோடு வாழ்த்துகிறோம்' என்று ஒருவர் சொன்னார். அது பயமுறுத்துவது போல இருக்கிறது என்றார்கள். மூன்றாவது மணியில் பழனிசாமி, "நெலக்கடலை வெலை ஏறணும்னு ஒரு வரி போட்டுக்கலாமுங்களா" என்று கேட்டு உட்கார வைக்கப்பட்டார்.

விக்னராஜா எழுந்து குசினிக்குப் போனார். தண்ணீர் குடிக்க என்று சொன்னார். உண்மையில் அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. அங்கே தேவராஜாவின் மனைவி இராஜேஸ்வரி பதினாறு கோப்பைகளை மூன்றாம் தரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, முகம் இப்பிடிக் கிடக்கு?"

"வெள்ளிக்கிழமை கடைசி நாள் அன்ரி. இவை ஏழாவதுக்கு வரமாட்டினம்."

இராஜேஸ்வரி கையைத் துடைத்தாள். "அந்தக் கடதாசி உம்மட்டை இருக்கோ?"

"ஓம்."

"எத்தினை பிரதி?"

"ரெண்டு."

"கடிதத்தை ஆர் அடிக்கப்போறது?"

"நான்தான்."

"பிறகேன் நிக்கிறீர்? கடிதத்துக்குப் பின்னால இணைப்பு எண்டு நாலைஞ்சு தாள் வைப்பினம்தானே. அதுக்குள்ள வையும். எல்லாப் பக்கத்திலயும் குத்துவினம். இருபத்தெட்டு வருசமாய் இந்த மனுசனைப் பாத்துக்கொண்டிருக்கிறன். முன்பக்கத்தில ஒரு கமா பிழைச்சால் விடமாட்டார். பின்பக்கத்தில வீடு எரிஞ்சாலும் தெரியாது."

"பிழையில்லையோ அன்ரி?"

"கலியாணம் உண்மைதானே?"

"ஓம்."

"அப்ப அந்தக் கட்டிலேயே உண்மையான தாள் அது ஒண்டுதான்."

ஐந்தாவது மணியில் வாசகம் பிறந்தது. 'அகில ஆஸ்திரேலியத் தமிழ்ப் பேரவை தங்களைக் கவலையோடு வாழ்த்துகிறது.' இரண்டு பக்கமும் கைதட்டின. கவலை யாருடையது, எதைப் பற்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறாவது மணி ஆகியிருக்கும்.

விக்னராஜா தட்டச்சு செய்தார். கடிதம் பதினாலு பக்கம். முதல் ஆறு பக்கம் தமிழினத்தின் தொன்மை. ஏழும் எட்டும் தலைவர் நரசிம்மனின் வாழ்க்கைக் குறிப்பு. ஒன்பதும் பத்தும் தேவராஜாவின் கச்சேரிச் சேவை. இருவரும் ஒரே நீளமாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தேவராஜாவின் பத்தாம் பக்கம் மிகவும் விரித்து அடிக்கப்பட்டது. பதினோராம் பக்கத்தின் நடுவில்தான் ஜனாதிபதி முதன்முறையாகத் தலைகாட்டினார். அதன் பின்னால் இணைப்புகள்: உறுப்பினர் பட்டியல், கணிப்பு முடிவு, சிட்னிக் கிளையின் இரண்டு கடிதங்கள், அவற்றுக்கும் பின்னால், விக்னராஜாவின் கிளேட்டன் முகவரியோடு ஒரு தாள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி. ஒன்று வாஷிங்டனுக்கு, ஒன்று பேரவைக் காப்பகத்துக்கு.

தேவராஜா முதல் பக்கத்தை மூன்று தரம் வாசித்தார். ஒரு காற்புள்ளியை மாற்றினார். பிறகு தகரம் மேசைக்கு வந்தது, சாவி வந்தது, பூட்டுத் திறந்தது.

பழனிசாமி சட்டைக் கையை மடித்துக்கொண்டு குத்தத் தொடங்கினார். தேவராஜா தாளைப் புரட்ட, அவர் குத்த, நெல் குத்துகிற லயத்தில் வேலை நடந்தது. விக்னராஜா கதிரையின் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். பதினாறு. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதாம் தாளில் பழனிசாமியின் கை நின்றது.

"ஏனுங்க, இதுல மை மங்கிப்போச்சுங்களே" என்று மையை நனைத்துக்கொண்டு, முன்னிலும் பலமாக ஒரு குத்துக் குத்தினார். முத்திரை கமலினியின் பெயருக்கு ஒரு விரற்கடை கீழே, சிங்கத்தின் பாதம் போல விழுந்தது. இரண்டாம் கட்டும் அப்படியே கடைசித் தாள்வரை குத்துப்பட்டது.

"குடுங்க, அனுப்பற பிரதியை நானே ஒட்டறேன்" என்று நரசிம்மன் முதல் கட்டை அப்படியே அள்ளி உறைக்குள் போட்டு, எல்லோர் முன்னிலும் நாக்கால் நனைத்து ஒட்டினார். அதிலிருந்து தன் தாளை உருவி எடுக்க விக்னராஜாவுக்கு வழியில்லை. காப்பகப் பிரதியை ஓட்டை போட்டுக் கோக்கும் வேலை அவருக்கு வந்தது. ஓட்டை போடும்போது பத்தொன்பதாம் தாள் அவர் சட்டைப்பைக்குப் போயிற்று.

"நேரம் போட்டுது" என்று தேவராஜா தகரத்தைப் பூட்டினார். "ஏழாம் விடயத்தைப் பெப்ரவரியில எடுப்பம். தம்பி விக்னராஜாவுக்கு ஆட்சேபனை இல்லையெல்லோ?"

"இல்லை அண்ணை" என்றார் விக்னராஜா, சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் திங்கட்கிழமை காலையிலேயே தாளைக் கொடுத்துவிட்டார். அலுவலக அம்மையார் முத்திரையைப் பார்த்து, "ரொம்பப் பலமான அமைப்புப் போலிருக்கிறது" என்றார்.

கமலினி மே மாதம் வந்து சேர்ந்தாள். அவள் வந்து மூன்றாம் வாரம், வாஷிங்டனிலிருந்து ஒரு கடிதவுறையும் வந்தது. பேரவைக்கல்ல. 'திரு, திருமதி விக்னராஜா, கிளேட்டன்' என்று முகவரி. உள்ளே கனமான அச்சடித்த அட்டை. இருவர் பெயரையும் எழுதி, திருமண வாழ்வில் எல்லா மகிழ்ச்சியும் பெருக வாழ்த்துவதாக ஜனாதிபதியின் இரண்டு வரி.

அந்தப் பெரிய கட்டைப் பிரித்த எவரோ ஒரு எழுத்தர் பதினாலு பக்கத்தையும் புரட்டியிருக்க வேண்டும், ஒன்றும் விளங்காமல் இணைப்புகளுக்குப் போயிருக்க வேண்டும். கடைசித் தாளில் ஒரு மணமகனும் ஒரு மணமகளும் முகவரியும் இருப்பதைக் கண்டதும், அப்பாடா என்று பெருமூச்சு விட்டிருக்க வேண்டும்.

கமலினி இராஜேஸ்வரிக்கு அட்டையைக் காட்டினாள். இராஜேஸ்வரி சிரித்த சத்தத்தில் தேவராஜாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாள் நரசிம்மனும் தேவராஜாவும் விக்னராஜா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இருவரும் ஒரே காரில் வந்திருந்தார்கள். பேரவை வரலாற்றில் அப்படி முன்னர் நடந்ததில்லை.

"பதினாலு பக்கம் எழுதினோம்" என்றார் நரசிம்மன், உட்காராமலே. "ஒரு வரி பதில் வரலை. உங்க கல்யாணத்துக்குப் பதில் வந்திருக்கு. அமெரிக்க ஜனாதிபதிக்கு உங்க கல்யாணம் எப்படித் தெரியும்?"

விக்னராஜா சொன்னார். குசினியை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னார்.

தேவராஜா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப, தீர்மானமில்லாமல் முத்திரை குத்துப்பட்டிருக்கு. யாப்பின்படி அந்த முத்திரை செல்லாது. குடிவரவுக் கந்தோருக்கு நாங்கள் எழுதித் தெரிவிக்க வேண்டியது கடமை. தனிப்பட்ட கோபம் ஒண்டும் இல்லைத் தம்பி. எனக்கு மனவருத்தமாய்த்தான் இருக்கு. ஆனால் மனவருத்தத்துக்கு யாப்பில இடமில்லை."

கமலினியின் பெட்டியில் பாதித் துணி இன்னும் எடுத்து வைக்கப்படவில்லை. அந்தப் பெட்டியைத்தான் விக்னராஜா பார்த்தார்.

கமலினி தேத்தண்ணி கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தாள். "இருங்கோ அண்ணை, நிண்டுகொண்டு குடிக்காதேங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். "ஒண்டு கேக்கட்டோ? அண்டைக்கு எல்லாத் தாளுக்கும் ஒரே முத்திரைதானே குத்தினது?"

"ஓம்."

"அதே நாள், அதே ஆள், அதே கட்டு?"

"ஓம், அதுக்கென்ன?"

"என்ரை தாளில செல்லாதெண்டால் உங்கடை பதினாலு பக்கத்திலயும் செல்லாதெல்லோ? அப்ப பேரவை அவரை வாழ்த்தவே இல்லையெண்டு வாஷிங்டனுக்கும் எழுதவேண்டி வரும். குடிவரவுக்கு ஒரு கடிதம், அங்கை ஒரு கடிதம். இவர் நல்லாய் அடிப்பார், நான் இப்பவே தட்டச்சை எடுத்து வைக்கிறன்."

நரசிம்மன் தேநீரை மேசையில் வைத்தார். வாழ்த்தை வாபஸ் வாங்கினால் பேரவை உலக அரங்கில் என்ன ஆகும் என்பது அவர் முகத்தில் வரிவரியாக ஓடியது. மேலும், வாபஸ் வாங்குகிற கடிதத்தின் வாசகத்தை முடிவு செய்ய இன்னும் ஐந்து மணி நேரம்.

"தேவராஜா, முத்திரை செல்லும்" என்றார்.

"செல்லும் எண்டால் அந்தத் தாள் பேரவையின்டை தாள்" என்றார் தேவராஜா, விட்டுக்கொடுக்காமல். "பேரவையின் தாளுக்கு வந்த பதிலும் பேரவையின்டை. ஜனாதிபதி எங்களுக்குத்தான் பதில் போட்டிருக்கிறார். கலியாணத்தைப் பற்றிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அட்டை காப்பகத்துக்குப் போகவேணும்."

"கரெக்ட்! சட்டம் போட்டு மாட்டலாம். 'அமெரிக்க ஜனாதிபதி பேரவைக்கு அனுப்பிய வாழ்த்து.' பேரை மட்டும் சட்டத்துக்குள்ள மறைச்சிடலாம்."

விக்னராஜா கமலினியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"அட்டையைக் கொண்டுபோங்கோ அண்ணை" என்றார். "இவ இஞ்சை நிக்கட்டும்."

ஆனால் தேவராஜா ஒழுங்குமுறை தெரிந்தவர். ஒரு பொருளைச் சும்மா எடுத்துப்போகும் ஆளில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, பற்றுச்சீட்டு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

'பெற்றுக்கொண்டது: வாழ்த்து அட்டை, ஒன்று. உரியவரிடமே விட்டுவைக்கப்பட்டது: மனைவி, ஒன்று. இரண்டும் நல்ல நிலையில்.'

விக்னராஜா கதவைப் பூட்டினார். பிறகு திறந்து, படிக்கட்டை எட்டிப் பார்த்தார். போய்விட்டார்கள். மறுபடியும் பூட்டினார். உள்ளே கமலினி பெட்டியில் மிச்சமிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கத் தொடங்கியிருந்தாள்.